குளிர் அறைப் பெட்டி ஏன் நின்றது: எக்ஸிட் கோடும் சிக்னலும் வாசிக்கும் முறை

திருகோணமலை கொட்பே பக்கத்து மீன் வாடி ஒன்றின் குளிர் அறையில் வெப்பநிலையைக் கவனிக்கும் சிறு பெட்டிக்கான பராமரிப்புக் குறிப்புகள் இவை. பெட்டிக்குள் 512 எம்பி மெமரி உள்ள ராஸ்பெரி பை ஸீரோ டபிள்யூ, 16 ஜிபி எஸ்டி கார்ட், யூஎஸ்பி மொடெம். அறைக்குள் நான்கு டிஎஸ்18பி20 சென்சர்கள். எல்லாம் ஒரே டேட்டா கம்பியில் பையின் ஜிபிஐஓ 4 என்ற முனைக்கு வருகின்றன. அந்தக் கம்பிக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே 4.7 கிலோஓம் மின்தடை ஒன்று. மென்பொருள் மூன்று துண்டு: 30 விநாடிக்கு ஒருமுறை சென்சர்களை வாசிக்கும் பைதன் நிரல், 5 நிமிடத்துக்கு ஒருமுறை தரவை அனுப்பும் ஷெல் ஸ்கிரிப்ட், இரவில் ஆர்சிங்க் கொண்டு பிரதி எடுக்கும் இன்னொரு பைதன் நிரல். சூரையும் பாரையும் கிடக்கும் அறை மைனஸ் 18 பாகையில் நிற்க வேண்டும். மைனஸ் 15-ஐத் தாண்டினால் சம்மாட்டியின் கைபேசிக்கு எஸ்எம்எஸ் போகும்.

அறை நன்றாக இருந்தாலும் எஸ்எம்எஸ் வராது, வாசிக்கும் நிரல் செத்துக் கிடந்தாலும் வராது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது நிரல் முடியும்போது விட்டுச்செல்லும் எண் ஒன்றுதான். அதை வாசிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, இந்த எண்ணை எழுதியது நிரலா, கெர்னலா (இயங்குதளத்தின் மையம்), ஷெல்லா (தட்டும் கட்டளைகளை ஓட்டுவது), சிஸ்டம்டியா (பின்னணிச் சேர்விஸ்களைத் தொடங்கிக் கவனிப்பது) என்பது. அது தெரியாமல் எண்ணின் பொருளைத் தேடினால் பிழை இல்லாத இடத்தைக் கிண்டிக்கொண்டிருப்போம். (கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம்; தட்டும்போது அவற்றின் வழக்கமான எழுத்தில் தட்டவும்.)

எண் பிறக்கும் இடம்

ஒரு புரோசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், முடிந்ததும், வெயிட் என்று காத்திருக்கும் பெற்றோர் புரோசஸுக்குக் கெர்னல் 16 பிட் கொண்ட ஓர் எண்ணைக் கொடுக்கிறது. மேல் 8 பிட், நிரல் தானாகச் சொல்லிவிட்டுப் போன எக்ஸிட் கோட். கீழ் 7 பிட், அதைக் கொன்ற சிக்னலின் (புரோசஸுக்கு அனுப்பப்படும் அறிவிப்பின்) எண். இடையில் இருக்கும் ஒரு பிட்டின் மதிப்பு 128. கோர் டம்ப் (சாகும் கணத்தின் மெமரிப் பிரதி) எழுதப்பட்டால் அது ஏறும். தானாகப் போன புரோசஸுக்குக் கீழ்ப்பகுதி பூச்சியம். கொல்லப்பட்டதற்கு எக்ஸிட் கோடே கிடையாது.

எக்ஸிட் கோடுக்கு 8 பிட்தான் என்பதால் 0 முதல் 255 வரைதான் இடம். எக்ஸிட் 300 என்று எழுதினால் 44 வரும், எக்ஸிட் -1 என்றால் 255. எக்ஸிட் 256 என்றால் 0, அதாவது வெற்றி.

பாஷ், டாஷ் போன்ற ஷெல்கள் இந்த இரண்டு விதமான முடிவையும் $? என்ற ஒரே எண்ணுக்குள் அடைக்கின்றன. சிக்னலால் செத்தால் 128-உடன் சிக்னல் எண்ணைக் கூட்டிச் சொல்லும். 9-ஆல் செத்தால் 137, 15-ஆல் 143, 11-ஆல் 139, 2-ஆல், அதாவது கன்ட்ரோல்-சி அழுத்தினால், 130. இது ஷெல்லின் வழக்கம். கெர்னலுக்கு 137 என்ற எண்ணே தெரியாது. வேறு ஷெல்லில் வேறு கணக்கும் உண்டு: கேஎஸ்ஹெச்93 கூட்டுவது 256.

இதைக் கையால் செய்து பார்த்தால் மனதில் நிற்கும். பாஷ் -சி 'எக்ஸிட் 137' என்று ஓட்டி எக்கோ $? தட்டுங்கள். பிறகு பாஷ் -சி 'கில் -9 $$' என்று ஓட்டி மறுபடி பாருங்கள். இரண்டிலும் 137. முதலாவது தானாகப் போனது, இரண்டாவது கொல்லப்பட்டது, ஷெல்லில் நின்று பார்த்தால் வேறுபாடு இல்லை. இதே இரண்டையும் பைதனின் சப்புரோசஸ் வழியாக ஓட்டினால் ரிட்டர்ன்கோட் முதலாவதுக்கு 137, இரண்டாவதுக்கு -9. சிஸ்டம்டி சேர்விஸாக ஓட்டினால் முதலாவதுக்கு 'கோட்=எக்ஸிட்டட், ஸ்டேட்டஸ்=137', இரண்டாவதுக்கு 'கோட்=கில்ட், ஸ்டேட்டஸ்=9/கில்'. ஆகவே சந்தேகம் வந்தால் ஷெல்லை நடுவிலிருந்து எடுத்துவிட்டுப் பார்ப்பதே வழி. சப்புரோசஸில் ஷெல்=ட்ரூ என்று கொடுத்திருந்தால், இடையில் வரும் ஷெல் வேறாக நின்று காத்திருந்ததா, தானே அந்த நிரலாக மாறிவிட்டதா என்பதைப் பொறுத்து 137-உம் வரலாம், -9-உம் வரலாம்.

எப்போதும் வெற்றி சொன்ன இரவுப் பிரதி

இந்தப் பெட்டியில் மிக மோசமான பிழை எந்த எண்ணும் காட்டாத பிழைதான். இரவுப் பிரதி எடுக்கும் நிரலின் கடைசி வரி, ஓஎஸ்.சிஸ்டம் கொண்டு ஆர்சிங்க்கை ஓட்டி, அது தரும் எண்ணை அப்படியே சிஸ்.எக்ஸிட்டுக்குக் கொடுத்தது. பார்க்க ஒழுங்கான வரி. ஆனால் யூனிக்ஸில் ஓஎஸ்.சிஸ்டம் திருப்பித் தருவது எக்ஸிட் கோட் அல்ல, மேலே சொன்ன 16 பிட் எண். ஆர்சிங்க் 23 என்று தோற்றால், அதாவது சில கோப்புகள் போய்ச் சேரவில்லை என்றால், கைக்கு வருவது 23-ஐ 256-ஆல் பெருக்கிய 5888. அதைச் சிஸ்.எக்ஸிட்டுக்குக் கொடுத்தால் கீழ் 8 பிட் மட்டும் மிஞ்சும், அது பூச்சியம். ஆர்சிங்க் எந்த எக்ஸிட் கோடோடு தோற்றாலும் முடிவு 0. சிஸ்டம்டி பச்சை காட்டும், பிரதியோ இருக்காது.

திருத்தம் எளிது. சப்புரோசஸ்.ரன் கொண்டு ஓட்டி ரிட்டர்ன்கோட்டைப் பார்க்க வேண்டும். பழைய வரியை வைத்தே ஆக வேண்டும் என்றால் பைதன் 3.9-இலிருந்து ஓஎஸ் தொகுதியில் வெயிட்ஸ்டேட்டஸ்-டு-எக்ஸிட்கோட் இருக்கிறது. அப்போதும் எதிர்மறை எண்ணை அப்படியே சிஸ்.எக்ஸிட்டுக்குக் கொடுக்கக் கூடாது: -9 கொடுத்தால் வெளியே 247 என்று தெரியும். லொக்கில் 240-க்கு மேல் விசித்திரமான எண் கண்டால் 256-இலிருந்து கழித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு சிக்னல் எண் கிடைக்கும்.

ஷெல் ஸ்கிரிப்ட்டிலும் இதே குடும்பத்துப் பிழைகள் உண்டு. வாசிப்பை டீ கட்டளைக்குள் (திரைக்கும் கோப்புக்கும் ஒருங்கே எழுதுவது) பைப் செய்தால் $?-இல் கிடைப்பது டீயின் முடிவு, அது ஏறக்குறைய எப்போதும் 0. பாஷில் செட் -ஓ பைப்ஃபெயில் போட வேண்டும், அல்லது பைப்ஸ்டேட்டஸ் வரிசையைப் பார்க்க வேண்டும். ஃபங்ஷனுக்குள் லோக்கல் என்று அறிவிக்கும் அதே வரியில் கட்டளையின் விடையை ஏற்றினால் $? லோக்கலுடையது ஆகிவிடும், அறிவிப்பு ஒரு வரி, ஏற்றுவது அடுத்த வரி என்று பிரியுங்கள். நடுவில் ஓர் எக்கோ வந்தாலும் பழைய $? போய்விடும், ஆகவே கட்டளை முடிந்த உடனே வேறொரு மாறியில் எடுத்து வையுங்கள். பைப்ஃபெயில் போட்டபின் 141 தலைகாட்டும். ஹெட் போன்ற கட்டளை தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு பைப்பை மூடியதும், எழுதிக்கொண்டிருந்தது சிக்பைப், எண் 13, வாங்கிச் செத்ததால் வருவது அது. பெரும்பாலும் பாதகமில்லை.

203, 126, 127, 132

எஸ்டி கார்டை மாற்றி எல்லாவற்றையும் திரும்ப ஏற்றும்போது வருபவை இவை. சேர்விஸ் 203/எக்ஸெக் என்று நின்றால், அந்த 203-ஐ எழுதியது சிஸ்டம்டி. நிரல் தொடங்கவே இல்லை, ஆகவே நிரலுக்குள் பிழை தேடுவது வீண். 200 வேலை அடைவுக்குப் போக முடியாதது, 217 அந்தப் பயனர் இல்லாதது. 203-க்கு அதே கோப்பைக் கையால் ஓட்டிப் பாருங்கள். 127 என்றால் கோப்பு அந்தப் பாதையில் இல்லை. 126 என்றால் இருக்கிறது, ஓட்ட முடியவில்லை: ஓட்டும் அனுமதி தரும் சிஹெச்மொட் +எக்ஸ் விடுபட்டிருக்கும், அல்லது அது நோஎக்ஸெக் (நிரல் ஓட்டத் தடை) என்று ஏற்றிய பென் டிரைவில் இருக்கும், அல்லது 64 பிட் நிரலை 32 பிட் இயங்குதளத்தில் ஓட்டியிருப்பீர்கள்.

விண்டோஸில் திருத்திய ஸ்கிரிப்ட் தனி வகை. முதல் வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கரேஜ் ரிட்டர்ன் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெயரில் பாஷ் எங்கும் இல்லாததால் ஓடாது. பாஷின் பதிப்பைப் பொறுத்து 126 அல்லது 127 வரும். கோப்பு கண்முன் இருக்கிறது, அனுமதியும் சரி, இருந்தும் 'இல்லை' என்று சொன்னால் டோஸ்டூயூனிக்ஸ் ஓட்டிவிடுங்கள்.

கையால் ஓட்டினால் சரி, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் க்ரோனில் மட்டும் 127 என்றால் பாதைப் பிரச்சினை. க்ரோன் தரும் பாத் (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல்) மிகக் குறுகியது. கட்டளைகளை முழுப் பாதையோடு எழுதுங்கள்.

132 என்பது சிக்னல் 4, சிக்இல். பை ஸீரோவின் புரோசசர் ஏஆர்எம்வி6. ஏஆர்எம்வி7-க்குக் கட்டிய நிரலை அதில் போட்டால் தொடங்கிய கணமே இப்படிச் சாகும். அதே நிரல் பை 3-இல் நன்றாக ஓடும்.

137: கொன்றது ஒன்று, செத்தது இன்னொன்று

வாடைக்காற்று மாதங்களில் மொடெம் தொடர்பு அடிக்கடி தொங்கும்போது வாசிக்கும் நிரல் 9/கில் என்று சாவதுதான் இந்தப் பெட்டியின் முக்கிய நோய். 9 யாராலும் பிடிக்கவோ தடுக்கவோ முடியாத சிக்னல். ஆகவே செத்த நிரலின் லொக்கில் ஒரு வரியும் இருக்காது. அனுப்பியவரை வெளியே தேட வேண்டும். சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸில் ரிசல்ட் என்ற சொல்லைப் பாருங்கள். 'ஊம்-கில்' என்றால் மெமரி தீர்ந்து கெர்னல் கொன்றது. 'டைம்அவுட்' என்றால் நிறுத்தச் சொல்லியும் நிற்காததால், வழக்கமான 90 விநாடி காத்திருந்து சிஸ்டம்டி கொன்றது. 'சிக்னல்' என்றால் யாரோ கையால் கில் -9 அடித்திருக்கலாம்; ஆனால் மெமரி சிகுரூப் (சேர்விஸ்களின் மெமரியைக் கணக்கிட்டு எல்லை வைக்கும் கெர்னல் வசதி) மூடியிருந்தால் கெர்னல் கொன்றதும் இப்படியே தெரியும்.

இங்கே மெமரி தீர்ந்து கெர்னல்தான் கொன்றது. கெர்னல் லொக்கைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையில் 'அவுட் ஒஃப் மெமரி' என்ற வரிக்கு மேலே ஓர் அட்டவணை வரும், அந்த நேரத்தில் ஓடிய புரோசஸ்கள் முழுவதும் அதில் இருக்கும். கொல்லப்பட்ட பைதனின் வரியை மட்டும் பார்த்துவிட்டு அதில் மெமரிக் கசிவு தேடக் கூடாது. அட்டவணை முழுவதையும் வாசித்தால் ஸ்கிரிப்ட் தரவை அனுப்பப் பயன்படுத்தும் கேர்ள் என்ற கட்டளையின் பெயர் டசின் கணக்கில் நிற்கும். க்ரோன் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்கிரிப்ட்டைத் தொடங்குகிறது. கேர்ளுக்கு மொத்த நேர எல்லை தராததால் தொங்கிய இணைப்பில் ஒவ்வொன்றும் காத்துக்கொண்டே இருக்கிறது. மணிக்கு 12 சேர்கின்றன. தனித்தனியே அவை சிறியவை. கெர்னல் பெரியதைத் தேர்ந்து கொல்லும், அது குற்றமில்லாத வாசிப்பு நிரல்.

செய்த திருத்தங்கள்: கேர்ளுக்கு --மேக்ஸ்-டைம் 20. அதன் எண்களும் பயன் தருபவை: 6 என்றால் பெயரைத் தீர்க்க முடியவில்லை, 7 என்றால் இணைக்க முடியவில்லை, 28 என்றால் நேரம் முடிந்தது. -எஃப் கொடுக்காவிட்டால் சேர்வர் 500 என்று பிழை சொன்னாலும் கேர்ள் 0 என்றே போகும், கொடுத்தால் 22. ஸ்கிரிப்ட்டை எஃப்லொக் -என் என்ற பூட்டுக் கட்டளை வழியாக ஓட்டினால் முந்தையது முடியாமல் அடுத்தது தொடங்காது. பூட்டு கிடைக்காதபோது எஃப்லொக் தருவது 1, அது மற்றத் தோல்விகளோடு குழம்பும். -ஈ 75 என்று தனி எண் கொடுங்கள். வாசிக்கும் சேர்விஸுக்கு ஊம்ஸ்கோர்அட்ஜஸ்ட்=-500, இனிக் கெர்னல் அதைக் கடைசியாகத்தான் தொடும். அனுப்பும் வேலையைச் சிஸ்டம்டி டைமருக்கு மாற்றி மெமரிமேக்ஸ்=60எம் வைத்தால் இன்னும் நல்லது. ஆனால் ராஸ்பெரி பை இயங்குதளத்தில் மெமரி சிகுரூப் வழக்கமாக மூடியே இருக்கும். பூட் பகுதியிலுள்ள சிஎம்டிலைன் கோப்பில் அதைத் திறந்துவிடாமல் மெமரிமேக்ஸ் எழுதினால் எதுவும் நடக்காது, எச்சரிக்கையும் கண்ணில் படாது.

135-உம் எஸ்டி கார்டும்

135 என்றால் லினக்ஸில் சிக்னல் 7, சிக்பஸ். நிரலின் ஒரு பக்கத்தைக் கார்டிலிருந்து மெமரிக்கு எடுக்கும்போது வாசிப்புத் தோற்றால் கெர்னல் இதை அனுப்பும். நேற்று ஓடிய நிரல், ஓர் எழுத்தும் மாறாமல், இன்று 135 என்றால் டிமெசேஜில் எம்எம்சி தொடர்பான ஐஓ பிழை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கார்டைத் துடைத்துப் போட்டு நேரத்தை வீணாக்காமல் புதியது போடுங்கள். கடற்கரையில் உப்புக்காற்று தொடுமுனைகளை அரிப்பது உண்மைதான், ஆனால் தேய்ந்த கார்டு துடைத்தால் திரும்பாது. நிறைந்துபோன கோப்புமுறையில் எம்மேப் (கோப்பை மெமரியில் விரிப்பது) வழியாக எழுதினாலும் இதே சிக்னல் வரும், ஆகவே இடம் மிச்சமா என்று டிஎஃப் -ஹெச் கொண்டு ஒருமுறை பாருங்கள்.

சிக்னல் எண்கள் எல்லாக் கணினியிலும் ஒன்றல்ல. மெக் கணினியிலும் பிஎஸ்டியிலும் சிக்பஸ் 10. லினக்ஸில் 10 என்பது சிக்யூசர்1. சில ரவுட்டர்களில் இருக்கும் மிப்ஸ் புரோசசரில் லினக்ஸே ஓடினாலும் சிக்பஸ் 10, சிக்யூசர்1 16. 1, 2, 3, 6, 9, 14, 15 எங்கும் மாறாது. மற்றதற்கு அந்தந்தக் கணினியிலேயே கில் -எல் 135 என்று கேளுங்கள், அது பெயரைச் சொல்லும். ஸ்கிரிப்ட்டில் எழுதும்போதும் பெயரையே எழுதுங்கள்.

143, நிறுத்துதல், மீண்டும் எழுப்புதல்

கரண்ட் போனதும் பற்றரியில் ஓடி, அது குறைந்தால் பெட்டி தானாக அணைய வேண்டும். அப்போது சேர்விஸுக்கு வருவது சிக்டேர்ம், எண் 15. பைதன் இதைப் பிடிக்கச் சொல்லாவிட்டால் அப்படியே செத்துவிடும். ஃபைனலி என்ற கடைசித் துப்புரவுப் பகுதியும் ஓடாது, எழுதாமல் வைத்திருந்த வாசிப்புகள் போகும். சிக்டேர்முக்கு ஒரு ஹேண்ட்லர் (அது வந்தால் ஓடும் ஃபங்ஷன்) வைத்து அதற்குள் சிஸ்.எக்ஸிட்(0) அழைத்தால் போதும், ஃபைனலி ஓடும்.

பாஷில் ட்ராப் (சிக்னல் வந்தால் ஓட வேண்டிய கட்டளை) வைத்தாலும் முன்னால் ஓடும் கட்டளை முடியும்வரை அது ஓடாது. ஸ்லீப் 300 நடுவில் இருந்தால் 5 நிமிடம் வரை தாமதம். ஸ்லீப்பைப் பின்னணியில் விட்டு வெயிட் போடுங்கள். சிக்னல் வந்த உடனே வெயிட் உடையும், ட்ராப் ஓடும். துப்புரவு முடிந்தபின் ட்ராப்பை நீக்கி அதே சிக்னலைத் தனக்கே அனுப்பிச் சாவது முறையான வழி. எக்ஸிட் 143 என்று போனால் பெற்றோர் புரோசஸ் அதைத் தானாகப் போனதாகவே பார்க்கும்.

சிஸ்டம்டியில் பலரும் இடறும் இடம் ரீஸ்டார்ட்=ஒன்-ஃபெயிலியர், அதாவது தோற்றால் மட்டும் மீண்டும் தொடங்கு என்பது. ஹப், இன்ட், டேர்ம், பைப் ஆகிய நான்கு சிக்னலால் முடிந்தால் சிஸ்டம்டிக்கு அது ஒழுங்கான முடிவு. யாராவது வெறும் கில் அடித்தால் வாசிப்பு நிரல் நின்றுவிடும், திரும்ப எழாது, சிவப்பும் காட்டாது. இந்த வேலைக்கு ரீஸ்டார்ட்=ஆல்வேஸ்தான் சரி. அதோடு ரீஸ்டார்ட்செக்=15 கட்டாயம் சேருங்கள். வழக்கமான இடைவெளி 100 மில்லிவிநாடி. 10 விநாடிக்குள் 5 முறை தொடங்கினால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும். சென்சர் கம்பி கழன்று நிரல் தொடங்கியதும் விழுந்தால் அந்த ஐந்தும் சில விநாடியில் முடிந்து, கம்பியை மாட்டியபின்னும் பெட்டி சும்மா கிடக்கும்.

நிரலுக்கு நாமே எண் கொடுக்கும்போது 1-உம் 2-உம் வேண்டாம். பிடிக்காத பைதன் பிழை எதுவும் 1, தவறான ஆர்கியூமென்ட் 2. 125-உம் அதற்கு மேலும் வேண்டாம், ஷெல்லும் டைம்அவுட் கட்டளையும் அங்கே இருக்கின்றன. டைம்அவுட்டுக்கு 124-உம் சொந்தம். பழைய பிஎஸ்டி வழக்கப்படி 64 முதல் 78 வரை எடுத்தோம்: சென்சர் இல்லை என்றால் 69, தற்காலிகத் தோல்வி 75, அமைப்புக் கோப்பு பிழை 78. 78-க்கு ரீஸ்டார்ட்பிரிவென்ட்எக்ஸிட்ஸ்டேட்டஸ் வைத்தால் பிழையான கோப்போடு வீணாகச் சுற்றாது. சென்சர் 85.000 என்று தந்தால் அது அறையின் வெப்பம் அல்ல, மின் வந்தபின் அளக்காமல் தரும் தொடக்க எண். அதைப் பதியாமல் ஒதுக்கி, தொடர்ந்து வந்தால் 69 என்று வெளியேற வேண்டும்.

எண்ணே இல்லாத மரணம்

ஜெனரேட்டருக்கு மாறும் கணத்தில் மின்னழுத்தம் விழுந்து பை மறுபடி தொடங்கினால் எந்தப் புரோசஸுக்கும் எண் இருக்காது. ஜேர்னல்சிடிஎல் --லிஸ்ட்-பூட்ஸ் பார்த்து, முந்தைய பூட்டின் கடைசி வரிகளில் 'ஸ்டாப்பிங்' இல்லாமல் சட்டென்று அறுந்திருந்தால் மின்சாரம்தான். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனதைக் கண்டறியும் சுற்று உள்ள பை மாதிரிகள் கெர்னல் லொக்கில் 'அண்டர்-வோல்டேஜ்' என்று எழுதும். ஸீரோவில் அந்தச் சுற்று இல்லை, மல்டிமீட்டரைத்தான் நம்ப வேண்டும். இதற்கெல்லாம் ஜேர்னல் கார்டில் எழுதப்பட வேண்டும், ஸ்டோரேஜ்=பெர்சிஸ்டன்ட்.

தொங்கி நிற்கும் நிரலுக்கும் எண் இல்லை. டைப்=நோட்டிஃபை, வொட்ச்டொக்செக்=120 வைத்து, ஒவ்வொரு வாசிப்புச் சுற்றிலும் நிரல் சிஸ்டம்டிக்கு உயிர்க்குறி அனுப்பட்டும். நான்கு சென்சருக்கு, ஒன்றுக்கு 750 மில்லிவிநாடி வீதம், 3 விநாடிதான் போகும், 120 தாராளம். தவறினால் சிஸ்டம்டி சிக்அபோர்ட், எண் 6, அனுப்பும், ரிசல்ட் 'வொட்ச்டொக்' என்று வரும். பிஎஸ் கட்டளையில் டி நிலையில் கிடப்பது கெர்னலுக்குள் சிக்கியிருக்கிறது. அதிலிருந்து வெளிவரும்வரை 9 கூட அதில் ஏறாது. இசட் என்றால் அது ஏற்கெனவே செத்தது, பெற்றோர் இன்னும் எண்ணை வாங்கவில்லை. பிழை பெற்றோரில்.

வாடியில் மாட்டுவதற்கு முன் சோதனை

சேர்விஸ் நின்றபின் ஓடும் எக்ஸெக்ஸ்டாப்போஸ்ட் வரியில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் வையுங்கள். சிஸ்டம்டி அதற்கு சேர்விஸ்-ரிசல்ட், எக்ஸிட்-கோட், எக்ஸிட்-ஸ்டேட்டஸ் என்ற மூன்று மாறிகளைத் தரும். மூன்றையும் அப்படியே எஸ்எம்எஸ்ஸில் அனுப்பினால் போதும். ஒன்ஃபெயிலியர் வரியை (சேர்விஸ் தோற்றால் வேறொன்றைத் தொடங்குவது; ரீஸ்டார்ட்டின் ஒன்-ஃபெயிலியர் அல்ல) மட்டும் நம்ப வேண்டாம்: ரீஸ்டார்ட் ஓடிக்கொண்டிருக்கும்வரை சேர்விஸ் 'ஃபெயில்ட்' நிலைக்குப் போகாது, அதுவும் ஓடாது.

பிறகு ஒவ்வொன்றாகக் கொன்று பாருங்கள். கில் -கில் அடித்தால் 'சிக்னல், கில்ட், கில்' வர வேண்டும். கில் -ஸ்டாப் அடித்தால் 120 விநாடியில் 'வொட்ச்டொக்'. டேட்டா கம்பியைக் கழற்றினால் 'எக்ஸிட்-கோட், எக்ஸிட்டட், 69', மாட்டிய 15 விநாடிக்குள் வாசிப்பு திரும்ப வேண்டும். வெறும் கில் அடித்தால் 'சக்ஸஸ்' என்று வந்து நிரல் மீண்டும் எழ வேண்டும். எழாவிட்டால் ரீஸ்டார்ட் இன்னும் ஒன்-ஃபெயிலியரில் நிற்கிறது. மொடெமைக் கழற்றி அரை மணி நேரம் விட்டு, பிக்ரெப் -சி கேர்ள் தட்டுங்கள். 0 அல்லது 1 வர வேண்டும், அதற்கு மேல் வந்தால் எஃப்லொக் வேலை செய்யவில்லை.